கடைசியில் நாணு நன்றி சொல்வான்

எங்கள் நாணு மட்டாஞ்சேரி படகுத் துறையில் மைக்கைப் பிடித்தால், எதிரே வெலிங்டன் தீவில் சரக்கேற்றி முடித்த கப்பல்கள்கூட அவன் பேசி முடிக்கும்வரை நங்கூரத்தைத் தூக்காது. சரி, கப்பல்கள் என்பது அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன். கப்பல் இல்லை, படகு. ஒரே ஒரு படகு. அதுவும் எஞ்சின் மக்கர் பண்ணியதால் நின்றது. ஆனால் நின்ற படகிலிருந்து ஒருவர்கூட இறங்கி நடையைக் கட்டவில்லை, எல்லோரும் உட்கார்ந்து கேட்டார்கள். வேண்டுமானால் யாரையும் விசாரித்துக்கொள்ளலாம். அந்தப் படகில் இருந்தவர்கள் இப்போது எங்கே என்று மட்டும் என்னிடம் கேட்கக் கூடாது.

நாணு என் கணவரின் தம்பி. நான் பாலஸ் ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது அவன் அரை நிஜாரோடு கோலி விளையாடிக்கொண்டிருந்தான். இன்றைக்குத் தலை நரைத்து, தங்க நிற பிரேம் போட்ட கண்ணாடி மாட்டி, தோளில் மடிப்புக் கலையாத அங்கவஸ்திரத்தோடு படகேறுகிறான். இடைப்பட்ட காலத்தில் அவன் ஓர் ஆபீசில் உட்கார்ந்ததில்லை, ஒரு கடையில் தராசு பிடித்ததில்லை. பேசியே குடும்பம் நடத்தியிருக்கிறான். அரசியல் பேச்சாளனா என்றால் இல்லை. புராணம் சொல்கிறவனா என்றால் அதுவும் இல்லை. நன்றி சொல்கிறவன்.

கொச்சியின் வழக்கம் தெரியாதவர்களுக்காக இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கே நாலு பேர் ஒரு மாமரத்தடியில் ஒதுங்கினால் அது யோகம், அதாவது கூட்டம். அதற்கு நோட்டீஸ் அடிப்பார்கள். பிரார்த்தனை, வரவேற்பு, தலைமை, திறப்புரை, வாழ்த்துரை என்று வரிசையாகப் பெயர்கள் இருக்கும். வாழ்த்துரையில் மட்டும், விட்டுப்போனால் கோபித்துக்கொள்ளக்கூடிய அத்தனை பேரும் இருப்பார்கள். எல்லாவற்றுக்கும் அடியில், அச்சகத்தில் எழுத்தெல்லாம் தீர்ந்துபோன மாதிரி மிகச் சின்னதாக, ‘கிருதஞ்ஞதை’ என்று ஒரு வரி. நன்றியுரை. அந்த வரிக்கு ஆள் எழுந்திருக்கும்போது சபையும் சேர்ந்து எழுந்திருக்கும். பெஞ்சு இழுபடும், செருப்பு தேடுவார்கள், தூங்கின குழந்தையைத் தோளில் போடுவார்கள். மேடையில் ஒரு பாவப்பட்ட மனிதர் மைக்கிடம் மட்டும் நன்றி சொல்லிக்கொண்டிருப்பார்.

எழுபத்திரண்டாம் வருஷம் எங்கள் தெரு வாசகசாலையின் ஆண்டு விழாவில் அந்தப் பாவப்பட்ட மனிதராக இருக்க வேண்டியவர் வெங்காய மண்டி பிச்சை. அவருக்கு மேடையைக் கண்டால் வயிறு கலங்கும். அன்றைக்கும் கலங்கியது, போனார், வரவில்லை. நாணு முன் பெஞ்சில் இருந்தான். இலக்கிய ஆர்வம் என்று நினைத்துவிடாதீர்கள். மின்விசிறி அங்கேதான் இருந்தது. பி.காம். இரண்டு தடவை கோட்டை விட்டுவிட்டு, காற்று வரும் இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டிருந்த காலம் அது. தலைவர் அவன் கையைப் பிடித்து இழுத்து, “எடோ, ரெண்டு வார்த்தை சொல்லி முடி” என்று மேடையில் ஏற்றிவிட்டார்.

சபை எழுந்துவிட்டது. பெஞ்சுகள் கத்தின. நாணு மைக்கைப் பிடித்து முதல் வாக்கியமாகச் சொன்னான்: “எல்லாரும் உட்காரணும், பழம்பொரி வந்துண்டிருக்கு!”

எழுந்த சபை அப்படியே உட்கார்ந்தது. நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்தெடுத்ததற்கு எங்கள் ஊரில் இருக்கும் மரியாதை எந்த வாழ்த்துரைக்கும் கிடையாது.

“அதை அன்போடு அனுப்பி வைத்த முகமது இஸ்மாயில் இக்காவுக்கு நம்முடைய முதல் நன்றி!”

கைதட்டல் கூரையைத் தூக்கியது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த இஸ்மாயில், கடைவீதி முக்கில் சாயாக்கடை வைத்திருக்கிறவர், தன் பெயரைக் கேட்டுத் தூக்கிவாரிப்போட்டு எழுந்தார். அவர் எதையும் அனுப்பியிருக்கவில்லை. சாயங்காலம் அவர் கடையிலிருந்து இரண்டு கூடை பலகாரம் வாசகசாலைப் பக்கமாகப் போனதை நாணு பார்த்திருக்கிறான், விழாவுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டான். அது சுள்ளிக்கலில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போன கூடை. ஆனால் ஊரே திரும்பிப் பார்த்துக் கைதட்டும்போது எந்த மனிதனால் ‘நான் அனுப்பவில்லை’ என்று சொல்ல முடியும்? இஸ்மாயில் நெஞ்சில் கை வைத்துக் குனிந்தார், உட்கார்ந்தார், பக்கத்திலிருந்த தன் கடை ஆளிடம் பல்லைக் கடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். அந்த ஆள் ஓடினான்.

மேடையிலிருந்த நாணுவுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. அடுப்பு பற்றி, எண்ணெய் காய்ந்து, பழம் பொரிந்து வரும்வரை அவன் நன்றி சொல்லிக்கொண்டே இருந்தாக வேண்டும். சொன்னான். பெஞ்சு சுமந்தவனுக்குச் சொன்னான், தோரணம் கட்டியவனுக்குச் சொன்னான், மைக் செட்டுக்கு மின்சாரம் கொடுத்த எதிர்வீட்டுக்குச் சொன்னான், பிரார்த்தனை பாடிய பெண்ணுக்கு ஜலதோஷம் இருந்தும் பாடியதற்குச் சொன்னான். வாசலில் நழுவப் பார்த்த ஒருவரைப் பெயர் சொல்லி, “எழுந்து நின்று சபையை கௌரவப்படுத்தும்” என்று ஆரம்பித்து நன்றி சொல்ல, அவர் வெட்கத்தோடு திரும்பி வந்து உட்கார்ந்தார். எந்தப் பேச்சையும் கேட்காத சபை, அடுத்தது தன் பெயரோ என்று வாயைப் பிளந்து கேட்டது. பழம்பொரி வந்தபோதுகூட, முடித்துவிட்டுத் தின்னலாம் என்று சிலர் சொன்னதாகக் கேள்வி. சொன்னது நான்தான்.

மறுநாள் காலை இஸ்மாயில் எங்கள் வாசலில் வந்து நின்றார். நாணு உள்ளே போய்ப் பத்தாயத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

“எடோ நாணு, வெளியே வா. நேத்து நீ எனக்கு என்ன பணி காட்டினே?”

“இக்கா, தெரியாமப் பண்ணிட்டேன்.”

“தெரியாமப் பண்ணினது போகட்டும். இனி தெரிஞ்சு பண்ணு. காலையிலேர்ந்து கடையிலே நிக்க இடமில்லை. இஸ்மாயிலுக்கு வலிய மனசு, தாராள மனசுன்னு வர்றவன் போறவன் எல்லாம் சொல்றான். இத்தனை வருஷம் சாயா அடிச்சும் ஒருத்தன் சொல்லலியே!”

நாணுவின் தொழில் அன்றைக்குத் தொடங்கியது. நடந்ததற்கு நன்றி சொல்ல எவனாலும் முடியும். நடக்காததற்கு நன்றி சொல்லி அதை நடத்தி வைக்க எங்கள் நாணுவால்தான் முடியும் என்று ஊர் தெரிந்துகொண்டது. தெருக்குழாய் போடுவதாகச் சொல்லிச் சொல்லி ஏமாற்றிய கவுன்சிலரை ஓணக் கொண்டாட்டத்துக்குக் கூப்பிட்டு, நாணுவை விட்டுக் குழாய்க்கு நன்றி சொல்ல வைத்தார்கள். கைதட்டல் அடங்குவதற்குள் கவுன்சிலர் எழுந்து தேதி சொல்லிவிட்டார். ஒரு டாக்டர் மாசம் ஒரு தடவை இலவசமாகப் பார்ப்பதற்கு நன்றி வாங்கிக்கொண்டு, அப்புறம் மாசம் ஒரு தடவை வந்தார். வாசகசாலைக்குப் புதுக் கூரை வந்தது, பள்ளிக்கூடத்துக்கு மணி வந்தது. ஃபோர்ட் கொச்சியிலிருந்தும் களமசேரித் தொழிற்சாலைகளிலிருந்தும் நாணுவுக்கு ஆள் வந்தது. போகிற இடத்தில் சாப்பாடு, படகுக் கூலி, கையில் ஒரு கவர்.

சும்மா சொல்லக் கூடாது, அவன் அதற்காக உழைத்தான். கூட்டம் ஆறு மணிக்கென்றால் நாலு மணிக்கே போய்விடுவான். யார் கோலம் போட்டது, யார் வாழை கட்டியது, குடிக்கத் தண்ணீர் யார் வீட்டுக் கிணறு என்று சாதுவாக விசாரிப்பான். ஒரு துண்டுக் காகிதம் வைத்துக்கொள்ள மாட்டான். நன்றி சொல்கிற வரிசையும் அவன் வகுத்ததுதான். மற்றவர்கள் மேடையிலிருந்து தொடங்கி வாசலுக்குப் போவார்கள், நாணு வாசலிலிருந்து தொடங்கி மேடைக்கு வருவான். ஓடுகிறவன் வாசலில்தானே நிற்பான்!

வீட்டிலும் பயிற்சி நடக்கும். சமையலறை வாசலில் வந்து நிற்பான்.

“மன்னி, நாளைக்கு அடையும் அவியலும் பண்ணினதுக்கு ரொம்ப நன்றி.”

“நான் எப்போடா பண்ணினேன்?”

“பண்ணப்போறேளே.”

பி.ஏ. படித்தவள், விவரம் தெரிந்தவள் என்று என்னை நானே நினைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் விடியற்காலை அடைக்கு அரைத்துக்கொண்டிருந்தேன்.

எழுபத்தைந்தில் அவனுக்குப் பெண் பார்த்தோம். தேவரையில் குடியிருந்த வெங்கிடராமன், வெலிங்டன் தீவில் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீசில் சூப்பர்வைசர். கறாரான மனிதர். சிரித்தால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்பது போல் இருப்பார். அவர் மகள் காமாக்ஷி. சொஜ்ஜி பஜ்ஜி சாப்பிட்டானதும் அவர் என் கணவரைப் பார்த்துக் கேட்டார்:

“பையனுக்கு ஜோலி என்ன?”

“பேசறான்.”

“அது எல்லாரும்தான் பேசறா. ஜோலி?”

“அதாக்கும் ஜோலி.”

“ஓஹோ. மேடையிலே மொதல்ல பேசறவரா?”

“இல்லை, கடைசீல.”

வெங்கிடராமன் தன் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் பஜ்ஜித் தட்டை உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சம்பந்தம் முறிந்தது என்றே நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தேன். கதவுக்குப் பின்னாலிருந்து காமாக்ஷி, “நேக்கு சம்மதம்பா” என்றாள். ஏன் சம்மதித்தாய் என்று பிற்பாடு கேட்டதற்கு, “வெளியில அவ்வளவு பேசறவர் வீட்ல பேச மாட்டார்னு நினைச்சேன் மன்னி” என்றாள். பாவம், ஏமாந்தது அவள் ஒருத்திதான்.

வெங்கிடராமன் கல்யாணத்தைப் பண்ணிக் கொடுத்தார், ஆனால் மாப்பிள்ளையின் தொழிலை ஏற்கவில்லை. தன் ஆபீசில் சரக்குக் கணக்கு எழுதும் டேலி மேசைக்கு ஆள் தேவைப்பட்டது. அந்த இடத்துக்கு ஆள் போடும் பொறுப்பு அவரிடம் இருந்தது. “நான் ரிட்டயர் ஆறவரைக்கும் அந்த நாற்காலி காலியாத்தான் கிடக்கும். என்னிக்குப் பேச்சு அலுக்கறதோ, அன்னிக்கு வந்து உட்காரலாம்” என்றார். நாணு நன்றி சொல்லி வைத்தான். உட்காரப் போகவில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் மாமனார் புது வேஷ்டியோடு நாற்காலியையும் ஞாபகப்படுத்துவார், மாப்பிள்ளை வேஷ்டியை மட்டும் வாங்கிக்கொள்வான்.

இப்படியே போயிருந்தால் கதை இல்லை. ஆனால் நாணுவின் தொழிலைக் கெடுக்க வெளியிலிருந்து ஆள் வரவேண்டியிருக்கவில்லை, அவனுடைய சாமர்த்தியமே போதும். எண்பத்திரண்டு, எண்பத்திமூன்றில் பெரிய மனிதர்களுக்கு விவரம் தெரிந்துவிட்டது. கிருதஞ்ஞதை யார் என்று கேட்காமல் ஒருவரும் அழைப்பை ஏற்பதில்லை. அப்பு என்று ஒரு கான்டிராக்டர், முன்பு நாணுவிடம் நன்றி வாங்கிப் பெண்கள் பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர் எழுப்பிக் கொடுத்தவர். அவரைத் தலைமைக்குக் கூப்பிடப் போனார்கள்.

“கிருதஞ்ஞதை யாராக்கும்?”

“நம்ம நாணுதான்.”

“ஐயோ, எனக்கு அன்னிக்குக் காய்ச்சல்.”

“யோகம் அடுத்த மாசமாக்கும்.”

“காய்ச்சலும் அடுத்த மாசம்தான்.”

அதற்குப் பிறகு நடந்ததை என் கண்ணால் பார்த்தேன். கூட்டம் ஒன்றில் நாணு மைக்கை நோக்கி நடக்க ஆரம்பித்ததும் தலைவருக்குப் படகு நேரம் ஞாபகம் வந்தது. திறப்பாளருக்கு மாத்திரை நேரம். வாழ்த்துரைக்காரர்கள் ஒவ்வொருவராக மேடையின் பின்படி வழியே இறங்கினார்கள். நாணு திரும்பிப் பார்த்தபோது மேடையில் பூச்செண்டுகளும் சோடா பாட்டில்களும்தான் மிச்சம். அவனும் சளைக்கவில்லை, காலி நாற்காலிகளை வாடகைக்கு விட்டவருக்கு நீளமாக நன்றி சொன்னான். சபை சிரித்தது. ஆனால் அதோடு சரி. நோட்டீஸ்களில் அவன் பெயர் குறைந்தது, பிறகு நின்றது. நல்ல சட்டைகள் பெட்டியில் கிடந்தன. கவர் வந்துகொண்டிருந்த வீட்டில் காமாக்ஷி அப்பளம் இட்டு, தெரிந்த வீடுகளுக்குக் கொடுக்க ஆரம்பித்தாள். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. நாணுதான் சொன்னான், அதுவும் ஒரே ஒரு வாக்கியம்: “மன்னி, யாரும் கூப்பிடலைன்னா நான் யாரு?”

கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை. அது எனக்கே அதிசயம்தான்.

எண்பத்துநாலு மார்ச் மாசக் கடைசியில் வெங்கிடராமன் ஓய்வு பெற இருந்தார். அதற்கு முன் நாற்காலிக்கு ஆளைச் சொல்லி வைக்காவிட்டால் அவருக்குப் பின் வருகிறவர் தன் ஆளைப் போட்டுக்கொள்வார். அவர் படகேறி வந்து, சாயாவைக்கூடத் தொடாமல் சொன்னார்: “மாப்பிள்ளை, சனிக்கிழமை எனக்கு யாத்ரயயப்பு” — எங்கள் பக்கத்தில் வழியனுப்பு விழாவை அப்படித்தான் சொல்வோம் — “திங்கட்கிழமை காலம்பற நீங்க அந்த மேசையில இருக்கணும். இதுக்கு மேல என்னால முடியாது.”

நாணு தலையை ஆட்டினான். பேனா வாங்கினான். அரைக்கை வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுத்தான். இனி அவன் பேசப்போகிற கடைசிக் கூட்டம் மாமனாரின் வழியனுப்பு விழா. அதிலும் கிருதஞ்ஞதை அவன்தான் என்று ஊழியர்கள் பிடிவாதமாக நோட்டீஸில் போட்டுவிட்டார்கள்.

ஆபீஸ் மானேஜர் நடுங்கிப்போனார். ஊழியர்கள் ரொம்ப நாளாகக் கேன்டீனுக்கு ஓடு மாற்றக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மனிதர் நாணுவை முன்கூட்டியே கூப்பிட்டனுப்பினார்.

“நீங்க எனக்கு நன்றியே சொல்லக் கூடாது.”

“சொல்லலை சார்.”

“சத்தியமா?”

“சத்தியமா. உங்க பேரையே எடுக்க மாட்டேன்.”

மானேஜர் கொஞ்சம் யோசித்தார். “அப்படி ஒரேயடியா விட்டுடவும் வேண்டாம். வந்ததுக்கு மட்டும் சொல்லுங்க.”

சனிக்கிழமை நாணு பழக்கதோஷத்தில் ரொம்ப முன்னாடியே தீவுக்குப் போய்விட்டான். கிடங்கை ஒட்டிய ஹாலில் ஓர் ஆள் தோரணம் கட்டிக்கொண்டிருந்தான். நாணு வழக்கம்போலப் பேச்சுக் கொடுத்தான். பெயர் இசக்கிமுத்து, திருநெல்வேலிப் பக்கம், தினக்கூலி. ஓரமாக ஒரு மேசை, அதன் மேல் சரக்குச் சீட்டுகள், பின்னால் தூசி தட்டித் துடைத்த ஒரு நாற்காலி.

“இது யாரோட மேசை?”

“டேலி மேசை சார். கப்பல் சரக்க எண்ணி எழுதுறது. நாந்தான் பாக்கேன்.”

“மேசைல சாஞ்சு சாஞ்சு சட்டையெல்லாம் தேஞ்சு கிடக்கே, நின்னுண்டேவா எழுதறே?”

“நாற்காலி நம்மளுது இல்ல சார். வெங்கிடராமன் சாரோட மருமகனுக்கு வச்சிருக்கு. அவுக வந்து உக்காருவாகன்னு சொன்னாக. நான் தொடச்சு மட்டும் வைப்பேன்.”

“எப்ப வருவாராம்?”

“அதத்தான் நானும் இங்க வந்த நாள்லேந்து பாக்கேன். ஏதோ பெரிய பேச்சாளராம். பேசி முடிக்கணும்லா சார்!”

இதை நாணுவே எனக்குப் பிற்பாடு சொன்னான். சொல்லும்போது சிரித்தான். அன்றைக்கு ஹாலில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவன் சிரிக்கவில்லை. முகம் வெளுத்து, ஜீரகத் தண்ணீர் கூஜாவைக் கையில் பிடித்தபடி ஒரு தூணருகே நின்றான். காமாக்ஷி கூஜாவை வாங்கிக்கொண்டு, மறு கையால் என் கையைப் பிடித்துக்கொண்டாள். முதல் வரிசையில் நாங்கள் உட்கார்ந்தோம்.

எல்லோரும் பேசினார்கள். வெங்கிடராமனைப் போல் ஒரு நேர்மையாளர் இல்லை என்றார்கள், உண்மைதான். வெங்கிடராமனைப் போல் ஒரு கலகலப்பானவர் இல்லை என்றும் ஒருவர் சொன்னார், அது யாத்ரயயப்புகளில் சகஜம். வெங்கிடராமன் ஏற்புரைக்கு எழுந்தார். இரண்டு வாக்கியம் பேசினார், தொண்டை அடைத்தது, உட்கார்ந்துவிட்டார். பிறகு கிருதஞ்ஞதை. பெஞ்சுகள் அசையவில்லை. தன் பக்கம் எந்த வம்பு வருமோ என்று மானேஜர் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார்.

நாணு வாசலிலிருந்து ஆரம்பித்தான். காவலாளி, சாயா கொண்டுவந்தவர், பந்தல் போட்டவர். மெதுவாக மேடைக்கு வந்தான். மானேஜருக்கு ‘வந்ததற்கு’ நன்றி சொன்னான், அவ்வளவுதான், அவர் மூச்சு விட்டது எங்கள் வரிசைவரை கேட்டது. கடைசியாக மாமனார் பக்கம் திரும்பினான்.

“இத்தனை வருஷம் எனக்காக ஒரு நாற்காலியை யாரையும் உட்கார விடாமல் வைத்திருந்தீர்கள். அதற்கு நன்றி. எனக்காகக் காலியாக இருந்த நாற்காலிக்குப் பக்கத்தில் ஒருத்தர் நின்றுகொண்டே வேலை பார்த்தார் என்பது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். ஓய்வு பெற்றுப் போகும் முன் அந்த நாற்காலியை இசக்கிமுத்துவுக்கே கொடுத்துவிட்டுப் போகிறீர்கள். அதற்காக, உங்கள் மாப்பிள்ளை என்கிற முறையில் இல்லை, இந்தச் சபையின் சார்பில், உங்களுக்கு எங்கள் பெரிய நன்றி.”

கிடங்கு வாசலில் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்த இசக்கிமுத்து துடைப்பதை நிறுத்தினான். வெங்கிடராமனின் முகம் நெற்றியிலிருந்து காதுவரை தக்காளிப் பழமாகச் சிவந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டார். மானேஜர் ஒரு விநாடிகூட யோசிக்காமல் தலையைத் தலையை ஆட்டி முதல் ஆளாகக் கைதட்டினார், தன் கேன்டீன் ஓடு தப்பியதே! பிறகு சபை தட்டியது. தட்டிய தட்டலில் கிடங்கின் தகரமெல்லாம் அதிர்ந்து மிளகு மூட்டைகள் இரண்டு உருண்டன, ஒன்றாவது உருண்டது. வெங்கிடராமன் எழுந்து, சபையை நோக்கிக் கை கூப்பினார். வேறென்ன செய்ய முடியும்? முகமது இஸ்மாயிலுக்கு முடியாதது இவருக்கு எப்படி முடியும்?

நாணு இறங்கி வந்தான். இருந்த ஒரே பிடிமானத்தையும் தன் வாயாலேயே தாரை வார்த்துவிட்டு, திங்கட்கிழமைக்குத் தைத்த அரைக்கைச் சட்டையோடு நின்றான். “காமு, கோவமா?” என்று கேட்டான். காமாக்ஷி கூஜாவைத் திறந்து தண்ணீர் கொடுத்தாள்.

செய்தி சாயங்காலப் படகிலேயே மட்டாஞ்சேரிக்கு வந்துவிட்டது. இஸ்மாயில் தன் கடையில் அதற்குக் கை, கால், மீசை எல்லாம் வைத்தார். நான் சொல்வதாவது கொஞ்சம்தான் கூட்டல். மற்றவன் பையில் கை விடுகிறவன் என்று பெயர் வாங்கியிருந்தவன் முதல் தடவையாகத் தன் சோற்றுக்கே நன்றி சொல்லி அதை விட்டுக்கொடுத்தான் என்று ஊர் பேசியது. அந்த வாரமே மூன்று கூட்டங்களுக்கு ஆள் வந்தது. காய்ச்சல்கார அப்பு கான்டிராக்டர் தன் மகள் கல்யாண வரவேற்பில் நன்றி சொல்ல நாணுவையே கூப்பிட்டார். நாணுவும் ஒரு பாடம் கற்றுக்கொண்டான். இப்போதெல்லாம் நடக்காததற்கு நன்றி சொல்வதென்றால், மேடை ஏறும் முன் அந்தப் பெரிய மனிதரின் காதோடு காதாகக் கேட்டுக்கொள்கிறான். அவர் தலையசைத்தால்தான் சொல்கிறான். அதனால்தான் அவன் தொழில் நிலைத்தது. இந்த மாசத்தில் மட்டும் அவன் வீட்டில் சாப்பிட்ட ராத்திரிகளை எண்ணினால் கட்டை விரல் தேவைப்படாது. இசக்கிமுத்து உட்கார்ந்தே எழுதுகிறான், கொஞ்சம் தொந்திகூட விழுந்திருக்கிறது.

ஒரு பேச்சாளன் வாழ்நாளில் ஒரு தடவையாவது சொந்தக் கையைச் சுட்டுக்கொண்டு பேச வேண்டும், அப்போதுதான் சபை அவனை நம்பும் என்று எழுதி முடித்தேன். முடித்த கையோடு, முற்றத்தில் மோர் மிளகாய் உலர்த்திக்கொண்டிருந்த காமாக்ஷியைக் கூப்பிட்டு முழுதும் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டாள். கை மிளகாயைப் புரட்டியபடியே இருந்தது.

“எல்லாம் சரி மன்னி. அந்த நாற்காலி சங்கதி மட்டும் அப்படி இல்லை.”

“பின்னே எப்படியாம்?”

“அதுக்கு முந்தின வாரம் அப்பா இங்கே வந்திருந்தார். நீங்க கோவிலுக்குப் போயிருந்தேள். இவர் உள்ளே கண்ணாடி முன்னாடி நின்னுண்டு, ‘குட்மார்னிங் சார், குட்மார்னிங் சார்’னு சொல்லிப் பழகிண்டிருந்தார். இவ்வளவு பேசறவருக்கு அந்த ரெண்டு வார்த்தை வாயில வரலை. அப்பா வாசல்லயே நின்னு பார்த்தார். செருப்பைக்கூடக் கழட்டலை. ‘நான் வந்ததைச் சொல்லாதே, இவன் அதுக்கு ஆக மாட்டான்’னு என்கிட்ட சொல்லிட்டு அடுத்த படகுக்கே திரும்பிட்டார். நேரே மானேஜர்கிட்ட போய், அந்த இடத்தை இசக்கிமுத்துக்குப் போட்டுடுங்கோன்னு சொல்லி முடிச்சுட்டார். அதனாலதான் மானேஜர் அவ்வளவு வேகமா தலையாட்டினார். கேன்டீன் ஓடும் இல்லை, ஒண்ணும் இல்லை.”

“அப்படீன்னா ஏன்டி அவர் மேடையில சொல்லலை?”

“சொல்லத்தான் எழுந்தார். தொண்டை அடைச்சுது, மறந்துட்டார். அப்பாவுக்குப் பேச வருமா? அதை இவர் எடுத்து, என்னமோ தானே பிடுங்கிக் கொடுக்கிற மாதிரி நன்றி சொல்றார். இவருக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.” காமாக்ஷி ஒரு மிளகாயை எடுத்து வெயிலில் தள்ளி வைத்தாள். “அப்பா முகம் சிவந்தது கோவத்துல இல்லை மன்னி. சிரிப்பை அடக்கிண்டிருந்தார்.”